யாழ்ப்பாணத்தில் சாரணர் பாசறை: மகனை அனுப்பலாமா?

தங்கச்சி, நீங்கள் கேட்டது இதுதான்: மகன் தரம் 6, பள்ளிக்கூடத்தில் சாரணர் துருப்பில் சேர்ந்திருக்கிறான், ஓகஸ்ட் விடுமுறையில் மூன்று நாள் பாசறை. ரியூஷன் விட்டுப்போகும், பாம்பு பூச்சிக்குப் பயம், சாப்பாடு தண்ணீர் எப்படி இருக்குமோ தெரியாது. "மலை இல்லை, ஆறு இல்லை, யாழ்ப்பாணத்துக்குள் கூடாரம் அடித்து இந்தப் பிள்ளைகள் என்னத்தைப் படிக்கப் போகினம்? உங்கட காலத்தில் நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்றும் கேட்டிருந்தீர்கள்.

அனுப்புங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசலாம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் எழுபதுகளின் பிற்பகுதியில், யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியில் பள்ளிக்கூடம் ஒன்றில் சாரணனாக இருந்தவன். பின்னாளில் பல வருடங்கள் பிள்ளைகளைப் பாசறைக்குக் கூட்டிக்கொண்டும் போனேன். என் சிறுவயதில் எந்த நாட்களை மறுபடி வாழத் தருவாய் என்று யாராவது கேட்டால், கீரிமலைப் பக்கத்திலும் மணற்காட்டிலும் காரைநகர்ச் சவுக்கந்தோப்பிலும் படங்குத் துணிக் கூடாரத்துக்குக் கீழே படுத்த இரவுகளைத்தான் கேட்பேன். மலையும் ஆறும் இல்லாதது அந்த நாட்களில் ஒரு குறையாகவே எங்களுக்குத் தெரியவில்லை. பாசறையின் உயிர் இடத்தில் இல்லை. ஆறேழு பொடியன்களிடம் ஓர் அடுப்பையும் ஒரு இரவையும் முழுதாக ஒப்படைத்துவிட்டுப் பெரியவர்கள் சற்றுத் தள்ளி இருக்கிறார்களே, அதில்தான் இருக்கிறது.

இது ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1907 ஓகஸ்ட்டில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், சாரண இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் முதல் பாசறையை நடத்தினார். சுமார் 20 சிறுவர்கள். பணக்கார வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பெரிய பள்ளிக்கூடங்களில் இருந்து சிலர், உழைப்பாளிகளின் வீடுகளில் இருந்து சிலர். அவர்களை அவர் தனித்தனியாக இருத்தவில்லை. ஓநாய், காளை, காகம், உள்ளான் போன்ற ஒரு கடற்கரைப் பறவை என்று நாலு அணிகளாகக் கலந்து பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் ஒரு பையனையே தலைவனாக வைத்தார். ஐந்து வருடத்தில், 1912 இல், பிரான்சிஸ் ஜோர்ஜ் ஸ்டீவன்ஸ் என்பவர் மாத்தளையில் இலங்கையின் முதல் துருப்பைத் தொடங்கினார். அங்கிருந்து ஊர் ஊராகப் பரவி எங்கள் பக்கத்துக்கும் வந்தது. உடுப்பு மாறியது, சின்னங்கள் மாறின, அணி முறை மட்டும் மாறவில்லை. உங்கள் மகனும் இப்போது ஏதோ ஒரு மிருகத்தின் பெயர் கொண்ட அணியில்தான் இருப்பான், கேட்டுப் பாருங்கள்.

பாசறையில் அணிக்கு ஒரு சமையல் இடம். துருப்பு முழுவதற்கும் ஒரு பெரிய கிடாரத்தில் சமைத்துப் போடும் பாசறைகளும் உண்டு. எனக்கு அவை பிடிக்காது. அது கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரி, இருந்து சாப்பிட்டுவிட்டு எழும்பிப் போகலாம். அணிச் சமையலில் அப்படி முடியாது. ஒருவன் தண்ணீர், ஒருவன் விறகு, இரண்டு பேர் சமையல், ஒருவன் களஞ்சியம், ஒருவன் துப்புரவு. அடுத்த நாள் வேலை மாறும். காலையில் சாரண ஆசிரியர் சுண்டால் அளந்து அரிசி தருவார். பருப்பு, கத்தரிக்காய், வெங்காயம், பாதித் தேங்காய், கொஞ்சம் தூள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வரமாட்டார். சோறு குழைந்தாலும் அடிப்பிடித்தாலும் அதுதான் மத்தியானச் சாப்பாடு. வீட்டில் அம்மா வைக்கிற சொதியைக் குறை சொல்லிக்கொண்டு சாப்பிட்ட பையன்கள், தாங்கள் வைத்த திரைந்துபோன சொதியைச் சட்டி வழித்துக் குடித்ததைப் பார்த்திருக்கிறேன்.

இந்த அடுப்படியில் நடந்த ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் அணியில் ஒருவன் இருந்தான். அவனுடைய வீட்டில் மற்றவர்களின் வீட்டார் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். ஏன் என்று யாழ்ப்பாணத்தில் பிறந்த எவருக்கும் விளக்கத் தேவையில்லை. பொது இடத்தில் சாதி காட்டித் தடுப்பது குற்றம் என்று 1957 இலேயே சட்டம் வந்தாயிற்று. 1968 இல் மாவிட்டபுரத்தில் கோயில் வாசலில், எல்லாச் சாதியாரையும் உள்ளே விடச் சொல்லிப் பெரிய போராட்டமும் நடந்து முடிந்துவிட்டது. ஆனால் வீடுகளுக்குள் கிணற்று வாளியும் செம்பும் மாறவில்லை. பாசறையின் முதல் நாள் சமையல் முறை அவனுக்கு வந்தது. எங்கள் எல்லாரையும் விட அவனுக்குக் கை வந்த வேலை அது. கத்தரிக்காயைப் பொரித்துக் குழம்பு வைத்தான், வாசம் மற்ற அணிகளுக்கும் போனது. சாப்பிட இருந்தபோது எங்களில் ஒருவன் மட்டும் கோப்பையை எடுக்கவில்லை. "எனக்குப் பசிக்கேல்லை" என்றான்.

அந்தப் பக்கம் வராத ஆசிரியர் அன்றைக்கு வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. மணலில் சப்பாணி கட்டி இருந்து, தன் கோப்பையை நீட்டி, "தம்பி, எனக்கு முதல் போடு. குழம்பு கொஞ்சம் கூட விடு" என்றார். சாப்பிட்டார். இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். எழும்பிப் போய்விட்டார். பசிக்காதவன் அன்றைக்கு இரவு சாப்பிட்டான். அடுத்த நாள் அவனும் சமையல்காரனும் சேர்ந்து தண்ணீர் அள்ளப் போனார்கள். ஒரே செம்பு. பள்ளிக்கூடத்தில் சமத்துவத்தைப் பற்றி எத்தனையோ பேச்சுப்போட்டிகள் நடந்தன, நானும் பேசிப் பரிசு எடுத்திருக்கிறேன். அந்தக் குழம்பு செய்த வேலையை எந்தப் பேச்சும் செய்யவில்லை.

சரி, அடுப்புக்கு வருவோம். தீ மூட்டுவது பிள்ளைகளுக்கு எவ்வளவு ஆசையோ அவ்வளவு கஷ்டம். புத்தகங்களில் வரும் பிர்ச் மரப்பட்டை எங்களிடம் இல்லை. பனை இருக்கிறது. பனை மட்டையடியில் வலை மாதிரி இருக்கும் பன்னாடையை உருவிக் கையால் கசக்கினால் அதைவிட நல்ல பற்றவைக்கும் பொருள் உலகத்தில் இல்லை என்றே சொல்வேன். அதன்மேல் ஈர்க்கும் காய்ந்த தென்னோலையும், அதற்குமேல் பனைமட்டைச் சிராய், பிறகு விறகு. பூரான் எடுத்த ஊமல்கள், அதாவது காய்ந்த பனங்கொட்டைகள், கிடைத்தால் அதிர்ஷ்டம். தணல் நெடுநேரம் நிற்கும், பருப்பு பொறுமையாக அவியும். ஒரே நெருப்புக்குச்சியில் அடுப்பு மூட்டுகிற அணிக்குப் புள்ளி உண்டு. அதற்காக நாங்கள் பாசறைக்கு முதல் வாரமே பன்னாடை சேர்த்து, மழைக்கு நனையாமல் பிஸ்கட் தகரத்துக்குள் மூடி வைப்போம்.

ஓகஸ்ட்டில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கும். திறந்த வெளியில் மூன்று கல் வைத்தால் நெருப்பு பக்கத்து அணிக்குப் போய்விடும். அதனால் காற்று வருகிற திசைக்கு நேராக நீட்டாக ஒரு குழி வெட்டி, காற்றுப் பக்க வாயைச் சற்று அகலமாக விட்டு, அதற்குள் தீ மூட்டுவோம். செம்மண்ணில் இது அழகாக நிற்கும். மணலில் கரை சரியும், கல் அடுக்க வேண்டும். அந்தக் கல்லை எங்கே எடுக்கிறீர்கள் என்பது முக்கியம். கடலோரத்தில் ஈரத்தில் கிடந்த முருகைக்கல்லை அடுப்புக்கு வைக்கக் கூடாது. உள்ளே ஊறிய நீர் சூட்டில் ஆவியாகிக் கல் வெடிக்கும், துண்டு கண்ணுக்குத் தெறிக்கும். சவுக்கந்தோப்பில் இன்னொரு கவனம் வேண்டும். நிலமெல்லாம் சருகு மெத்தை. அதை அகலமாக வழித்து வெறும் மணல் தெரிந்த பிறகுதான் குச்சியைக் கிழிக்க வேண்டும். மகனின் ஆசிரியர் இதையெல்லாம் சொல்லிக் கொடுப்பார். வந்த பிறகு மகனிடம் கேளுங்கள், உங்களுக்கு வகுப்பு எடுப்பான்.

தண்ணீரைப் பற்றிக் கேட்டீர்கள். இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதல் முறை மணற்காட்டுக்குப் போனபோது, கடல் இரைகிற இடத்தில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது என்று நாங்கள் பார்த்துக்கொண்டு நிற்க, ஆசிரியர் மணற்பிட்டிகளுக்கு நடுவே பள்ளமான ஓர் இடத்தைக் காட்டி, "தோண்டுங்கோ" என்றார். இடுப்பளவு போகவில்லை, ஊறியது. நாக்கில் வைத்தால் தித்திப்பு. மழைநீரை மணல் பிடித்து வைக்கிறது. நல்ல நீர் உப்பு நீரை விடப் பாரம் குறைவு, அதனால் அது மேலே மிதக்கிறது. ஆசை பிடித்து ஆழமாகத் தோண்டினால் உப்புத்தான் வரும். யாழ்ப்பாணத்துக் கிணறுகள் பலவற்றின் கதையும் இதுதான். சுண்ணாம்புப் பாறைக்குள் நல்ல நீர் மேலே, உவர் கீழே. நிலாவரைக் கிணற்றில் மேல் நீர் நன்றாக இருந்து ஆழத்தில் உப்பாவதும் இதனால்தான். புவியியல் பாடத்தில் இதைப் படம் போட்டுக் கற்பித்தார்கள், பரீட்சைக்கு எழுதினோம், மறந்தோம். மணற்காட்டில் குடித்த அந்தத் தண்ணீர் மறக்கவில்லை. பிற்காலத்தில் யாராவது வாழைத் தோட்டத்துக்குப் பெரிய மோட்டர் போட்டு இரவு பகலாக இறைத்தால் எனக்கு நெஞ்சு பதைப்பது அந்தக் குழியைப் பார்த்ததால்தான்.

கூடாரத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, இப்போது நைலோன் கூடாரங்கள் வந்துவிட்டன. எங்களுடையவை பாரமான படங்கு, பருத்திக் கயிறு. கயிறு நனைந்தால் இறுகும், அதனால் இரவு படுக்கப்போக முதல் எல்லாக் கயிறுகளையும் கொஞ்சம் தளர்த்திவிட வேண்டும். மழை பெய்யும்போது உள்பக்கத்தில் விரலால் தொட்டால் தொட்ட இடத்தில் ஒழுகும். மணலில் முளை நிற்காது. கயிற்றை ஒரு தடியில் கட்டி, தடியைப் படுக்கையாகப் புதைத்து மேலே மண் மூடினால் சோளகம் என்ன அடி அடித்தாலும் அசையாது. முடிச்சுகள் இதற்காகத்தான். சும்மா சுவரில் தொங்கும் அட்டையைப் பார்த்துப் போட்ட முடிச்சு ஒரு வாரத்தில் மறக்கும். நடுச்சாமத்தில் படங்கு பறக்கும்போது போட்ட முடிச்சு கையில் நிற்கும். எங்கள் துருப்பில் கரையோரத்துப் பையன்கள் சிலர் இருந்தார்கள். அப்பாவின் வள்ளத்தில் பழகிய முடிச்சுகளை அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போடுவார்கள். வகுப்பில் கடைசி வாங்கில் இருந்தவர்கள் பாசறையில் எங்களுக்கு ஆசிரியர்கள் ஆனார்கள். இதையும் நான் மறக்கமாட்டேன்.

வானத்தைப் பார்த்துத் திசை அறிவது இன்னொன்று. இங்கிலாந்துக்காரரின் புத்தகத்தில் துருவ நட்சத்திரம் நல்ல உயரத்தில் நிற்கும். நாங்கள் தேடித் தேடிக் களைப்போம். யாழ்ப்பாணம் பூமத்திய ரேகையில் இருந்து வடக்கே 10 பாகைக்கும் சற்றுக் குறைவு. ஆகவே துருவ நட்சத்திரமும் அடிவானத்தில் இருந்து அவ்வளவு உயரத்தில்தான் நிற்கும். கையை நீட்டிப் பொத்திய முட்டியை அடிவானத்தில் வைத்துப் பார்த்தால், முட்டியின் மேல் விளிம்பு அளவு. பனங்கூடல் இருந்தால் மறைந்துவிடும், வடக்கே கடல் தெரியும் கரைக்குப் போக வேண்டும். காரைநகரில் கரையில் வரிசையாக நின்று எல்லாரும் முட்டியை நீட்டிக்கொண்டு நின்றது இப்போதும் கண்ணுக்குள் நிற்கிறது. சித்திரை வைகாசியில் இரவில் தெற்குப் பக்கம் திரும்பினால், இங்கிலாந்துப் பிள்ளைகள் காணவே முடியாத தென்சிலுவையும் தெரியும். ஒரே இடத்தில் நின்று இரண்டையும் காண்கிற கொடுப்பினை எங்களுக்கு.

பகலில் கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேரே பிடித்துத் திசை காணும் முறை எங்கள் ஊருக்குச் சரிவராது. சூரியன் தலைக்கு மேலேயே போகிறது. ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் கடைசியிலும் யாழ்ப்பாணத்தில் நண்பகலில் நட்ட தடிக்கு நிழலே இருக்காது. அதனால் காலையில் தடி ஒன்றை நட்டு நிழலின் நுனியில் ஒரு கல், அரை மணி நேரம் கழித்து நிழலின் புது நுனியில் இன்னொரு கல். முதற் கல் மேற்கு, அடுத்தது கிழக்கு. இதை மகனுக்கு நீங்களே வீட்டு முற்றத்தில் செய்து காட்டலாம்.

இரவுக் காவலைச் சொல்லாமல் பாசறையைச் சொல்ல முடியாது. இரண்டு இரண்டு பேராக முறை. கையில் தடி, அரிக்கன் லாம்பு, விசில். பகலில் பனை ஒரு மரம். இரவில் அதன் காவோலை உரசுகிற சத்தம் வேறு. எங்கள் ஊர்ப் பொடியன்களுக்கு முனியும் கொள்ளிவால் பேயும் தெரியாத வயது இல்லை. ஆவணி பனம்பழம் விழுகிற காலமும்கூட. இருட்டில் பக்கத்தில் ஒரு பழம் தொப்பென்று விழுந்தால் நெஞ்சு வாய்க்கு வரும். ஆனால் விசில் ஊதக் கூடாது, உண்மையாக ஏதும் என்றால்தான் ஊதலாம். லாம்பைத் தூக்கிக்கொண்டு சத்தம் வந்த இடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். போய்ப் பார்த்தால் பழம். அதை எடுத்து வந்து தணலில் போட்டுச் சுட்டு, தோலை உரித்து, தும்பு பல்லில் சிக்கச் சிக்க இரண்டு பேரும் சூப்பிக்கொண்டு இருப்போம். பயம் போய்விடும் என்று சொல்லமாட்டேன். பயத்தோடு எழும்பிப் போய்ப் பார்க்கலாம் என்று தெரிந்துவிடும். பதினொரு வயதில் அது பெரிய விஷயம்.

கடைசி இரவு பாசறைத் தீ. வில்லுப்பாட்டு, காத்தவராயன் கூத்து மெட்டில் அதிபரையும் ஆசிரியர்களையும் இழுத்துக் கட்டிய பாட்டு, சாக்கையும் சாரத்தையும் உடுத்திய ராசா ராணி நாடகம். பகலில் வாயே திறக்காத பையன் அன்றைக்கு எழும்பி ஆடுவான். ஆசிரியர்மாரும் சேர்ந்து கைதட்டிப் பாடுவார்கள். அதற்குப் பிறகு திங்கட்கிழமை வகுப்பில் அவர்களைப் பார்க்கும் கண் வேறாக இருக்கும்.

பாசறைக்கு வெளியே சாரண வேலை வாரமும் உண்டு. 1949 இல் பிரித்தானியாவில் தொடங்கிய வழக்கம், இங்கும் வந்தது. அட்டை ஒன்றைக் கொண்டு சைக்கிளில் வீடு வீடாகப் போய், விறகு கொத்தி, வேலி அடைத்து, கிணற்றடி தேய்த்துக் கொடுத்தால் வீட்டுக்காரர் காசு தந்து அட்டையில் எழுதிக் கையெழுத்து வைப்பார்கள். காசு துருப்புக்கும் சங்கத்துக்கும் போகும். நல்லூர்த் திருவிழாவில் தொண்டுக்கு நிற்கிற சாரணர்களை இன்றைக்கும் பார்க்கலாம். தண்ணீர் கொடுப்பது, மயங்கி விழுந்தவரைத் தூக்குவது, தவறிப்போன பிள்ளையைத் தாயிடம் சேர்ப்பது. சின்னங்களும் விருதுகளும் உண்டு, ஜனாதிபதி சாரணர் விருதுதான் உச்சி. நல்லது, வாங்கட்டும். ஆனால் முதல் வருடத்திலேயே அதைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளையைத் துரத்த வேண்டாம். அதுவும் இன்னொரு ரியூஷன் ஆகிவிடும்.

இனி, எல்லாருக்கும் சொல்லாத ஒன்று. யுத்த காலத்தில் திறந்த வெளிப் பாசறை முடியாமற் போனது. கீரிமலைப் பக்கம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்ப் பல வருடங்கள் யாரும் காலடி வைக்க முடியவில்லை. 1995 ஒக்ரோபர் 30 இரவு, இராணுவம் நெருங்கி வர, வலிகாமமே ஊரை விட்டு எழும்பி நடந்தது உங்களுக்குத் தெரியும், அல்லது அம்மா சொல்லியிருப்பா. மழைக்குள் நாங்கள் தென்மராட்சிக்குப் போய்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஒதுங்கினோம். வகுப்பறைக்கு இத்தனை குடும்பம் என்று கணக்கில்லை. இருந்த மலசலகூடம் ஒரு நாளில் நிரம்பிவிட்டது. கிணறு ஒன்றுதான். எங்கள் பழைய துருப்பில் இருந்தவர்கள் சிலர் அங்கே ஒருவரை ஒருவர் கண்டோம். யாரும் கூட்டம் வைக்கவில்லை. ஒருவன் அலவாங்கு தேடிப் போனான், ஒருவன் கிணற்றுக்கு எட்டத்தில், காற்றுக்கும் மறுபக்கத்தில் இடம் பார்த்தான், மற்றவர்கள் கிடுகும் தடியும் கொண்டுவந்தார்கள். நீட்டுக் குழி, தோண்டிய மண் பக்கத்தில், போனவர் ஒவ்வொருவரும் மண் போட்டு மூட வேண்டும், கிடுகு மறைப்பு, பெண்களுக்கு வேறாக. எங்கள் நிலத்தில் பாறைக்குள் வெடிப்புகள் உண்டு, அழுக்கு சுளுவாகக் கிணற்றுக்குப் போய்விடும் என்று பாசறையில் தலையில் அடித்து அடித்துச் சொல்லித் தந்தது அங்கே கைக்கு வந்தது. பதின்மூன்று வயதில் முகத்தைச் சுளித்துக்கொண்டு வெட்டிய அதே குழி. இரண்டு தடியும் சாக்கும் கொண்டு தூக்குப்படுக்கை கட்டி முதியவர்களைச் சுமந்ததும் அங்கேதான். சாரணத்தால் என்ன பிரயோசனம் என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தப் பள்ளிக்கூடம் நினைவுக்கு வரும்.

யுத்தம் முடிந்து, நாட்டுச் சாரணர் எல்லாரும் கூடுகிற பெரிய பாசறையான தேசிய ஜம்போறி 2016 இல் யாழ்ப்பாணத்திலேயே நடந்தது. தெற்கிலிருந்து பிள்ளைகள் வந்து எங்கள் மண்ணில் கூடாரம் அடித்தார்கள். பார்க்கப் போயிருந்தேன். ஓர் அடுப்படியில் மொழி தெரியாத இரண்டு துருப்புப் பையன்கள் கை காட்டிக் காட்டி உப்பும் தேங்காயும் மாற்றிக்கொண்டு நின்றார்கள். நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

இனி உங்கள் பயங்கள். ரியூஷனைப் பற்றி ஒரே வார்த்தை: மூன்று நாள் பாடத்தைப் பிறகு பிடிக்கலாம், பதினொரு வயதைப் பிடிக்க முடியாது. பாம்புப் பயம் நியாயமானது. எங்கள் மணல் வெளிகளில் சுருட்டை உண்டு, இரவில் நிலத்தில் படுப்பவர்களுக்கு எட்டடி விரியன் பயம் உண்டு. இருட்டில் வெளிச்சம் இல்லாமல் நடக்கக் கூடாது, சப்பாத்தையும் விரிப்பையும் உதறாமல் பாவிக்கக் கூடாது, கூடாரத்துக்குள் சாப்பாடு வைக்கக் கூடாது என்பவை பாசறையின் முதற் சட்டங்கள். கடித்தால் இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம், அசையவிடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். யாழ். போதனா வைத்தியசாலையில் விஷமுறிவு மருந்து இருக்கிறது. ஆசிரியரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை உண்டு, கேட்பதில் பிழை இல்லை: இரவில் எத்தனை பெரியவர்கள் நிற்பார்கள், வாகனம் ஒன்று அங்கேயே நிற்குமா, குடிநீர் எங்கிருந்து, கடலில் குளிக்க விடுவார்களா. விடுவார்கள் என்றால் சோடி சோடியாகப் பிரித்து, விசில் அடித்தால் இருவரும் கை கோத்துத் தூக்கிக் காட்டுகிற ஒழுங்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இடம் பழக்கமான இடமா, கண்ணிவெடி அகற்றி மக்கள் நடமாடுகிற காணிதானா என்பதையும் கேளுங்கள். இதற்கெல்லாம் தயங்காமல் பதில் சொல்கிற ஆசிரியர் என்றால் நம்பி விடலாம். பதில் இல்லை என்றால் இந்த முறை விட்டுவிட்டு அடுத்த பாசறைக்கு அனுப்புங்கள்.

சின்ன மகள் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். பெண் பிள்ளைகளுக்கான சாரணியம் 1917 இல் கண்டியில் தொடங்கியது, அவளுடைய பள்ளிக்கூடத்திலும் இருக்கக்கூடும். விசாரியுங்கள். அண்ணா வந்து கதை சொன்னால் அவள் உங்களைச் சும்மா விடமாட்டாள்.

சாமான் கட்டுவதை மகனிடமே விடுங்கள், நீங்கள் பட்டியலை மட்டும் சரி பாருங்கள். புதிதாக ஒன்றும் வாங்க வேண்டாம், புதுச் சப்பாத்து காலைக் கடிக்கும். பழைய உடுப்பு இரண்டு சோடி, சாரம், தடித்த விரிப்பு, கோப்பையும் கப்பும், டோர்ச், சோப்பு, ஊசி நூல், தொப்பி. எல்லாவற்றிலும் பெயர் எழுதட்டும். முறுக்குப் பையும் பிஸ்கட் பெட்டியும் கொடுத்துவிட வேண்டாம், அணிக்குள் சண்டை வரும், எறும்பும் வரும். கொடுக்க ஆசை என்றால் அணி முழுவதற்கும் காணக்கூடிய அளவு ஒடியல் மாவோ பனாட்டோ ஆசிரியரிடம் கொடுங்கள், ஒருநாள் கூழ் காய்ச்சுவார்கள். மகனுக்கு முட்டு, மூச்சு இழுப்பு, என்று எழுதியிருந்தீர்கள். பம்பைப் பைக்குள் வைத்து அனுப்பினால் காணாது. ஒன்றை அவன் சட்டைப்பைக்குள்ளும் இன்னொன்றை ஆசிரியர் கையிலும் கொடுத்து, எப்போது எத்தனை தரம் என்று எழுதிக் கொடுங்கள். அடுப்புப் புகை அவனுக்கு ஒத்துவராது என்பதையும் அணித் தலைவனுக்குத் தெரியச் சொல்லுங்கள், தண்ணீர் அள்ளும் வேலையைக் கொடுப்பான்.